குடங்கள் குடியேறிய கட்டடம்

சாரங்கன் தோட்டத்துப் புதுக் குடியிருப்பு முதன்முதலில் கதவைத் திறந்து வரவேற்றது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் ரிப்பனை வெட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நின்றார்கள். கதவு அவர்களைச் சட்டை செய்யவில்லை. சிரித்துச் சிரித்துத் தாடை வலி கண்ட நேரத்தில், தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த அமலோற்பவம், என்ன கூட்டம் என்று பார்க்க இடுப்புக் குடத்தோடு முன்னால் வந்தாள். கதவு உடனே விலகியது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் கட்டடம் பேசியது.

"வாய் உடைந்த பச்சையே, வருக. மூன்றாம் மாடியில் கிழக்குப் பார்த்த வீடு உங்களுடையது. உடன் வந்திருக்கும் விருந்தாளிக்கும் வணக்கம்."

எல்லோரும் கை தட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நினைத்ததில் தவறில்லை. காசிமேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே நசுங்கிக் கிடந்த அந்தக் குடிசைப் பகுதியை மீட்டெடுக்க வந்த நிழற்கூடு நிறுவனம், தொடக்கத்திலிருந்தே நூதனமான காரியங்களைத்தான் செய்துவந்தது. மற்ற இடங்களில் குடிசைக்காரர்களை லாரியில் ஏற்றி, பஸ்கூடப் போகாத ஊரில் இறக்கிவிடுவது வழக்கம். நிழற்கூடு அப்படிச் செய்யவில்லை. இருந்த இடத்திலேயே, கட்டுப்படியாகும் வாடகையில், பழகிய ஜனங்கள் பிரியாமல் கூடி வாழ ஒரு கட்டடம் என்றது. அதோடு நிற்காமல், யாருக்கு வீடு என்பதைக் காகிதத்தை வைத்து முடிவு செய்யப் போவதில்லை என்றும் சொன்னது. காகிதத்தில் செத்தவன் ரேஷன் வாங்குவான், இருப்பவன் செத்துப்போயிருப்பான். ஆகவே கட்டடமே ஜனங்களைப் பார்த்து, பழகி, இவர்கள் என்னுடையவர்கள் என்று தெரிந்துகொள்ளும். அதற்கான மூளையை முதலில் செய்துவிட்டு, சுவரைப் பிறகு எழுப்பினார்கள்.

அந்த மூளைக்கு ஒரு கண் வேண்டுமல்லவா. ஊர் எங்கே கூடுகிறதோ அங்கே கண்ணை வைப்பது அவர்கள் கொள்கை. சாரங்கன் தோட்டம் கூடுவது தெருக்குழாயடியில். எதிர் விளக்குக் கம்பத்தில் கண்ணை வைத்தார்கள். ஒரு வருடம் முழுக்க அது இமைக்காமல் பார்த்தது.

பார்த்ததில் பிசகில்லை. புரிந்துகொண்டதில்தான் கொஞ்சம்.

குழாயடியில் யார் மணிக்கணக்காக நிற்கிறார்கள்? வைத்துவிட்டுப் போனால் இடம் போகாது என்பது அங்கே எழுதாத சட்டம். குடம் நிற்கும். குடம் இல்லாதபோது அரைச் செங்கல் நிற்கும். செங்கல்லும் அகப்படாவிட்டால் அறுந்த செருப்பு, கால் போன முக்காலி. மனிதர்கள் வருவார்கள், கத்துவார்கள், போய்விடுவார்கள். குடங்கள் வெயிலிலும் மழையிலும் வரிசை குலையாமல் இருக்கும். ஒன்றைச் சற்றே நகர்த்தினால் போதும், பத்துப் பேர் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள். இதையெல்லாம் பார்த்த கட்டடம், இங்கே குடியிருப்பவர்கள் வரிசையில் இருப்பவர்கள், மற்றவர்கள் அவர்களுக்கு ஏவல் செய்ய வந்து போகிறவர்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தது.

இப்படியாக அமலோற்பவத்தின் குடத்துக்குக் கிழக்குப் பார்த்த வீடு. மீன்பாடி வண்டி ஓட்டும் டில்லிபாபு வரிசையில் எப்போதும் இரண்டு குடம், ஒரு அரைச் செங்கல், ஒரு முக்காலி போட்டு வைப்பவன். அவனுக்கு வீடு கிடைக்கவில்லை. ஆனால் அவனுடைய குடங்களுக்கும் முக்காலிக்கும் ஆளுக்கொரு வீடு கிடைத்தது. செங்கல்லுக்கு மேல் மாடியில் கடல் தெரியும் வீடு. டில்லிபாபுவும் மனைவியும் ஒரு குடத்துக்கு விருந்தாளியானார்கள். குடிசையில் முறை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த அவன் பிள்ளைகள், கல்யாணமானவர்கள், செங்கல்லுக்கும் முக்காலிக்கும் விருந்தாளிகளாகப் போனார்கள். கால் நீட்டிப் படுக்க முடிகிறது என்று பெரிய மருமகள் அழுதாளாம்.

யாருக்கும் குறையில்லை. ஏகவல்லி ஒருத்தியைத் தவிர.

ஏகவல்லி கடைத்தெருவில் கருவாடு விற்பவள். புருஷன் போய் வெகுகாலம். அவளுடைய குடிசை குழாய்க்கு ஒட்டினாற்போல் இருந்ததால் வரிசையில் நிற்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததேயில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு கையை நீட்டிப் பிடித்துக்கொள்வாள். நிற்கவில்லையே தவிர, அந்த வரிசைக்கு அவள்தான் போலீஸ், அவள்தான் கோர்ட்டு. ஆள் நிற்க வேண்டும், குடம் நிற்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கும்போது, ஆள் வராத குடம் முன்னால் இருந்தால் ஏகவல்லியின் கால் சும்மா இருக்காது. ஒரே உதை, குடம் சாக்கடையில். அப்படி அவள் உதைத்ததில் அதிகம் உதைபட்டது அமலோற்பவத்தின் பச்சைக் குடம். அதன் வாய் உடைந்ததே ஏகவல்லியின் கைங்கரியம். அதிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை, ஒருவர் காதில் விழும்படி மற்றவர் கோழியைத் திட்டுவதோடு சரி.

ஏகவல்லி கதவருகே போனால் கட்டடம் கதவை இன்னும் இறுக்கிக்கொண்டது. உள்ளே சிவப்பு விளக்கு சுழன்றது. "குடியிருப்போர் கவனத்துக்கு, பதற்றப்பட வேண்டாம்" என்று எல்லா மாடியிலும் அறிவித்தது. யாராவது அவளைத் தன் விருந்தாளி என்று அழைத்துப் போகப் பார்த்தால், அவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. கடையில் புதுக்குடம் ஒன்று வாங்கிவந்து காட்டினாள். வெளியூர்க் குடம் என்று சொல்லிவிட்டது.

பழைய குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கட்டடத்தின் சுவரெல்லாம் குழாய்கள் ஓடினாலும் அவற்றில் தண்ணீர் மட்டும் வரவில்லை. தண்ணீர் லாரி பழையபடி அங்கேதான் வந்து நின்றது. அதனால் அவளுக்குத் துணைக்குக் குறைவில்லை.

நிழற்கூட்டின் எஞ்சினியர் முகுந்தன் அவளைத் தேடி வந்தான். கட்டடத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். கருவாட்டு வாசனை தாங்காமல் வாயால் மூச்சு விட்டான்.

"இன்னா தம்பி, செங்கல்லுக்கு ஊடு குட்த்துகினு கீறீங்க. எனுக்கு இன்னா கொறச்சல்?"

"அதுக்கு நாங்க எதையும் சொல்லித் தரலைம்மா. தானா பாத்துக் கத்துக்கிச்சு. யாராவது பேசாம ஒரு எடத்துல இருக்கணும், அவங்களுக்காக மத்தவங்க சண்டை போடணும். அப்படி இருந்தா அவங்க இந்த எடத்துக்காரங்கன்னு அர்த்தம். அதுக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்."

"அப்ப நானு?"

முகுந்தன் காலால் மண்ணைக் கிளறினான்.

"உங்கள சமூக விரோதின்னு வெச்சிருக்கு. வருஷம் பூரா குடியிருக்கறவங்கள உதைச்சிருக்கீங்க இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு வருஷத்துல குடத்தைக் குடம்னு நெனச்சது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

இதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. மாற்ற முடியாதா என்றாள். மாற்றலாம் என்றான். அவன் ஆசையும் அதுதான். மனிதர்களை எண்ணும்படி கட்டடத்தைத் திருத்த ஒரு பகல் வேலை போதும். ஆனால் தலைமை அலுவலகத்துக்கு மனமில்லை. இவ்வளவு ஒழுக்கமான குடிகளை அவர்கள் எந்தக் குடியிருப்பிலும் கண்டதில்லை. சுவரில் வெற்றிலை எச்சில் இல்லை, லிஃப்டில் சண்டை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த குழு ஒன்று அரைச் செங்கல்லின் வீட்டைப் பார்த்துவிட்டு, எவ்வளவு எளிமையான வாழ்க்கை என்று வியந்து போயிருந்தது. குடியிருப்பவர் யாராவது ஒருவர் வாய் திறந்து ஆட்சேபம் சொன்னால்தான் திருத்துவார்களாம். வெளியாள் சொன்னால் செல்லாது. உள்ளே இருக்கிற விருந்தாளிகளோ வாயே திறப்பதில்லை.

"நீங்க எப்படியாவது உள்ள வந்துட்டா, ஒரே வார்த்தை போதும்மா," என்றான்.

அந்த ஒரே வார்த்தை சங்கதி எப்படியோ கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அன்று சாயங்காலமே டில்லிபாபு சுடச்சுட பஜ்ஜியோடு வந்தான். கொஞ்ச நேரம் மழை வருமா வராதா என்று பேசினான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"யக்கா, மனுசனக் கணக்கு பண்ணா குடும்பத்துக்கு ஒரு ஊடுதான் குடுப்பானாம். மூத்தவன் பொண்டாட்டி மாசமா கீறா. திரும்பியும் முறை வச்சித் தூங்கச் சொல்றியா?"

"அத்த நான் இன்னாடா பண்றது? நான் தெருவுல குந்தினு கீறேன், கண்ணு தெரிலியா உனுக்கு?"

"தெர்துக்கா," என்றான் டில்லிபாபு. பஜ்ஜியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே இருந்தவர்கள் வாழ்க்கையும் முழுக்கச் சுகம் என்று சொல்லிவிட முடியாது. குடம் வீட்டில் இருக்கும்வரைதான் விருந்தாளிக்கு மரியாதை. தண்ணீர் பிடிக்கக் குடம் வெளியே போனால், வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் உங்களுக்கென்ன வேலை என்று கட்டடம் விளக்கை அணைத்துவிடும். குளித்துக்கொண்டிருந்தவர்களும் சோப்பு நுரையோடு வராந்தாவுக்கு வந்து நிற்க வேண்டும். குடத்தைக் கவிழ்த்து வைத்தால் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கும். அரைச் செங்கல்லை அம்மி அசையாமலிருக்க முட்டுக்கொடுத்ததற்காக டில்லிபாபுவின் இளைய பிள்ளையை முதியோர் வன்கொடுமை என்று எச்சரித்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த சமயத்தில் அமலோற்பவத்தின் பச்சைக் குடம் அடியில் விரிசல் விட்டது. காய்ச்சிய கரண்டியால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டினாள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்குக் கட்டடம் வாழ்த்துச் சொன்னது. மறுநாள் படிக்கட்டில் கை நழுவி, குடம் இரண்டாகப் பிளந்தது.

லிஃப்ட் நின்றது. எல்லா மாடியிலும் விளக்கு மங்கியது. கட்டடம் தழுதழுத்த குரலில் இரங்கல் சொன்னது. காரியம் முடியும்வரை விருந்தாளி தங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று முடித்தது. அமலோற்பவம் பிளந்த குடத்தைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செய்தி தார்ப்பாய்க்கு வந்தபோது ஏகவல்லி, "நல்லா ஓணும்," என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் தார்ப்பாய் வேறு கிழிந்துபோய், கருவாடெல்லாம் நனைந்து திரும்ப மீனாகப் பார்த்தது.

முகுந்தன் குடையோடு வந்தான். கட்டடத்தின் மூளைக்குள் துழாவியதில் ஒரு வழி அகப்பட்டிருந்தது. சமூக விரோதியைக் குடியாக்க ஒரே வழி, அவள் வரிசையில் குடம்போல் இருக்க வேண்டும். இருந்த இடத்தைவிட்டு யாராவது அவளைத் தள்ள வேண்டும். அவளுக்காக யாராவது நிஜமாகவே சண்டைக்குப் போக வேண்டும். நாடகம் ஆடினால் கண்டுபிடித்துவிடும், ஒரு வருடம் அசல் சண்டையைப் பார்த்த கண் அது.

"நீங்க மட்டும் வாயே தொறக்கக் கூடாதும்மா. தொறந்தீங்கன்னா மனுஷின்னு தெரிஞ்சிடும்."

"நானு. வாயத் தொறக்காம," என்றாள் ஏகவல்லி. ஆயுள் முழுக்க, ஆள் நிற்கணும் குடம் நிற்கக் கூடாது என்று உதைத்த காலை அவள் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லாரி வந்தபோது அவள் வரிசையில் குந்தியிருந்தாள். முன்னால் டில்லிபாபுவின் குடம், பின்னால் யாருடையதோ ஒரு தகரம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளுக்கு மடித்துப் பல்லால் கடித்திருந்தாள். கம்பத்துக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரும் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வரிசை நகரும்போது மற்றவர்கள் தங்கள் குடத்தைக் காலால் நெட்டினார்கள். அவளை யாரும் நெட்டவில்லை. அவளாகவே யாருக்கும் தெரியாமல் இஞ்ச் இஞ்சாக நகர்ந்துகொண்டாள்.

ஒருத்தி தன் முறை வராமலே நடுவில் குடத்தைச் செருகினாள். ஏகவல்லியின் கண் பிதுங்கியது. வாய் திறக்கவில்லை. இன்னொருத்தி ஒரே முறைக்கு மூன்று குடம் பிடித்தாள். ஏகவல்லிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் திறக்கவில்லை. அப்படிப்பட்ட கஷ்டத்தை அவள் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை.

லாரிக்குப் புதிதாக வந்த கிளீனருக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. குழாயை இழுத்துக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்தான்.

"யம்மா, கொடமும் இல்ல ஒண்ணும் இல்ல, நடுவுல குந்தினு இன்னா பண்றே? ஏந்திரி," என்று முழங்கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்துவிட்டான். அவள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து, சாய்ந்தபடியே கிடந்தாள். குடம் எழுந்திருக்காதல்லவா.

டில்லிபாபு தன் குடத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் மழையைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசினால் அவள் உள்ளே வந்துவிடுவாள். அவள் உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசினால் அவரவர் மருமகளும் பேரனும் வெளியே. அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஏகவல்லிக்கும் தெரியும். சேற்றில் கிடந்தபடி அவர்கள் கால்களைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்த அமலோற்பவம் கிளம்பி வந்தாள்.

"எவண்டா அது, வரிசைல கீறத்த இஸ்து வெளில போட்டவன்?"

"இன்னாமே, கொடமா அது? ஒரு கெயவி குந்தினு..."

"கொடமோ கெயவியோ, காத்தால இருந்து அந்த எடத்துல கீதா இல்லியா? அது மேல கை வச்ச, கைய மொறிச்சுக் கடல்ல போட்ருவேன். அது என்னுது. எடு, எடுத்த எடத்துல வையிடா."

சட்டையைப் பிடித்தாள். கிளீனர் குழாயைக் கீழே போட்டான், தண்ணீர் தெரு முழுக்க ஓடியது. அதில் நாடகம் ஒரு துளி இல்லை. முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வசை அத்தனையும் அமலோற்பவத்தின் வாயிலிருந்து வந்தது. எல்லாம் ஏகவல்லிக்கென்று சேர்த்தது, ஏகவல்லிக்காகவே செலவானது. கிளீனர் ஏகவல்லியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு குடங்களுக்கு நடுவில் ஜாக்கிரதையாக வைத்தான்.

எதிரே கண்ணாடிக் கதவு திறந்தது.

"அமலோற்பவத்தின் புதுக் குடமே, வருக," என்றது கட்டடம். "மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த வீடு. விருந்தாளியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்."

ஊர் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தது. பச்சைக் குடத்தின் காரியம் மறுநாளோடு முடிகிறது என்பது அப்போதுதான் சிலருக்கு நினைவுக்கு வந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வா, போலாம்," என்றாள், கோழியிடம் சொல்வதுபோல.

ஏகவல்லி எழுந்து நடக்கப் போனாள். சிவப்பு விளக்கு எட்டிப் பார்த்தது. குடம் நடந்து இதுவரை கட்டடம் கண்டதில்லை. அமலோற்பவம் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்து, தன் இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். விளக்கு அடங்கியது.

அன்றிலிருந்து அப்படித்தான். கருவாடு விற்கப் போவதென்றாலும், அமலோற்பவம் கோயிலுக்குப் போவதென்றாலும், ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும். அப்படிப் போகும்போது இருவரும் உதடு அசையாமல் திட்டிக்கொள்வார்கள். கூடி வாழ்வதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா என்று நிழற்கூடு அதைப் படமெடுத்துச் சுவரெங்கும் ஒட்டியது.

மழை விட்டதும் முகுந்தன் வந்தான். கூடவே தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவரையும் கூட்டி வந்திருந்தான். குடியிருப்பவர் ஆட்சேபம் சொல்ல விரும்புகிறார் என்று சொல்லித்தான் அவரை வரவழைத்திருந்தான். மூன்றாம் மாடி வராந்தாவில், ஏகவல்லியும் அமலோற்பவமும் பிடித்த பிடியோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா," என்றான் முகுந்தன். "நீங்க இப்ப சட்டப்படி குடியிருக்கறவங்க. ஒரு வார்த்தை. நாளைக்கே மனுஷங்கள மனுஷங்களா எண்ண வெச்சுடறேன். உங்க பேர்ல தனி வீடு."

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அது டில்லிபாபுவின் முக்காலியின் வீடு. உள்ளே முக்காலி நடுக்கூடத்தில் மரியாதையாக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு, நிறைமாதத்தில் மருமகள் பாயை விரித்து, ஒருக்களித்துப் படுத்து, காலை மெல்ல நீட்டினாள். சுவர் இடிக்குமோ என்று பழக்க தோஷத்தில் ஒருமுறை பாதியில் நிறுத்தி, இடிக்காது என்று கண்டு, மீதியையும் நீட்டினாள்.

ஏகவல்லி வாயைத் திறந்தாள். அதிகாரி பேனாவை எடுத்தார். அவள் எதிர் வீட்டுப் பாயை ஒருமுறை பார்த்தாள். உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டு, குடம் எங்கே பார்க்குமோ அங்கே பார்த்தாள்.

"என்னம்மா, சொல்லுங்க," என்றான் முகுந்தன்.

அமலோற்பவம் தன் பிடியைச் சற்று மேலே ஏற்றி, தளும்பாமல் சரிப்படுத்திக்கொண்டாள்.

"அது பேசாது தம்பி," என்றாள். "கொஞ்சம் வயி வுடு, கனமா கீது."